இராசையாவுக்குப் போட்ட மாலை

காலையிலிருந்து சிறுமி தவமணி சிரித்துக்கொண்டே இருந்தாள். மர்ஸூக்குக்கு வேண்டியதோ அழுகை. பதுளையில் வாப்பாவின் புடவைக் கடையில் துணி கிழித்துக் கொடுக்க வேண்டிய பிள்ளை, கொழும்பு மாமா கொடுத்த சின்ன சினிமாக் கெமராவைத் தூக்கிக்கொண்டு தெமோதரைக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்துக்கு வந்திருந்தது. அப்பா இல்லாமல் வளரும் ஒரு பிள்ளையைப் பற்றிக் குறும்படம் எடுக்கப் போகிறதாம். ஊமைப் படம்தான், ஆனால் பார்க்கிறவன் அழாமல் எழும்பக் கூடாது என்று தன் நண்பன் சிவஞானத்திடம் சொல்லியிருந்தான். தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் சிவஞானம்தான் தவமணியைக் காட்டினான். தாய் பாக்கியலெட்சுமியிடம் கேட்டுச் சம்மதம் வாங்கியதும் அவன்தான்.

தவமணியின் அப்பா இராசையா இந்தியாவுக்குப் போனவன். தோட்டத் தமிழரை இரண்டு அரசுகளும் பங்குபோட்டுக்கொண்ட ஒப்பந்தத்தில் அவனுக்கு இந்தியா கிடைத்தது, பாக்கியலெட்சுமிக்கு இலங்கை. வரிசை வீடுகளான லயத்தில் ஒரே அறைக் காம்பிராவில் குடும்பம் நடத்திய இரண்டு பேருக்கு ஆளுக்கொரு நாடு கொடுத்த புத்திசாலிகள் யாரோ தெரியாது. போய்ச் சேர்ந்ததும் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிக் கப்பலேறினான். கொஞ்ச காலம் கடிதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. உயிரோடு இருக்கிறானா, இன்னொருத்தியோடு இருக்கிறானா, ஒன்றும் தெரியாது. ஆனாலும் பாக்கியலெட்சுமி நெற்றி நிறையப் பொட்டு வைத்துக்கொண்டுதான் கொழுந்தெடுக்கப் போவாள்.

காம்பிராவுக்குள் இருட்டு. அதனால் சுவரில் தொங்கிய இராசையாவின் படத்தைக் கழற்றி வெளித் திண்ணையான இஸ்தோப்பில், எல்லாரும் பார்க்கிற இடத்தில் சாத்தி வைத்தான் மர்ஸூக். சிவஞானம் அப்போது பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தான். வெறும் படம் மொட்டையாகத் தெரிந்தது. மர்ஸூக்கின் வீட்டில் மனிதர் படம் மாட்டும் வழக்கமே இல்லை. பஜாரில் தமிழர் கடைகளில் படங்களுக்கு மாலை போட்டு ஊதுபத்தி கொளுத்தியிருப்பதைத்தான் அவன் பார்த்திருந்தான். மரியாதையாக இருக்கட்டும் என்று கோயிலடியில் ஒரு செவ்வந்தி மாலை வாங்கி வந்திருந்தான். அதைப் படத்துக்குப் போட்டுவிட்டுக் கெமராவை முடுக்கினான்.

தவமணியின் சிரிப்பு நின்றது. படத்தையும் மாலையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். மர்ஸூக்குக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு நன்றாக நடிப்பாள் என்று யார் கண்டது? பக்கத்துக் காம்பிராப் பெரியாயி எட்டிப் பார்த்து, மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். அவளும் படத்தில் வர ஆசைப்படுகிறாள் போலும் என்று நினைத்து, கெமராவை அந்தப் பக்கமும் திருப்பினான்.

யாரோ கொழுந்தெடுக்கும் மலைக்கு ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பாக்கியலெட்சுமி கூடையை எங்கேயோ போட்டுவிட்டு இறங்கி ஓடிவந்தாள். இஸ்தோப்புக்கு முன்னால் தண்ணீர் ஓடும் கானோரம் வந்து நின்றாள்.

"எப்பங்க சேதி வந்திச்சு, சின்ன மொதலாளி?"

"என்ன சேதி, அக்கா?"

ஒப்பாரிச் சத்தம் கேட்டுச் சிவஞானமும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். "யாருடா இந்த மாலைய போட்டது?"

"நான்தான். ஒரு மரியாதைக்கு."

"மனுசன் படத்துக்கு மாலை போட்டா செத்துட்டான்னு அர்த்தம்டா."

மர்ஸூக்கின் முகம் செத்துப்போயிற்று. கெமராவைக் கீழே வைத்துவிட்டுத் தவமணிக்கு முன்னால் குந்தினான். "அழாதீங்க மகள். அப்பாக்கு ஒண்ணுமில்ல. நான் தெரியாம செஞ்சிட்டேன்."

"அப்ப எங்க அப்பா எங்க?"

பாக்கியலெட்சுமி மெல்ல இஸ்தோப்பில் ஏறினாள். ஓடிவந்த வழியில் ஒரு கணம், இனிமேல் காத்திருக்க வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. அதனால் இப்போது படத்தின் முகத்தைப் பாராமலே மாலையைக் கழற்றினாள்.

"தூக்கி ஆத்துல போடு தாயி. எழவுப் பூவு" என்றாள் பெரியாயி.

"எழவு இன்னும் விழல. பூவு என்னா பண்ணுச்சு?"

நாரை அறுத்து ஒரு துண்டைத் தன் கொண்டையில் செருகிக்கொண்டாள். இன்னொரு துண்டை மகளின் தலையில் வைத்து, முகத்தை முந்தானையால் துடைத்து, அவளைப் பக்கத்தில் இழுத்து நிறுத்தினாள்.

"இப்ப புடிங்க, சின்ன மொதலாளி. அழுவுற புள்ளைய மட்டும் காட்டிராதீங்க."

மர்ஸூக் கெமராவை எடுத்தான். கண் கலங்கி ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. சாதாரணப் போட்டோ என்றுதான் பாக்கியலெட்சுமி நினைத்திருந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, இமைக்காமல் நேராகப் பார்த்து நின்றாள். அசையலாம் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. பிலிம் ஓடிக்கொண்டிருந்தது. விக்கல் நிற்காத தவமணி மட்டும் கையை உயர்த்தி, அம்மாவின் கொண்டையில் பூ இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.