கிதிர் முகம்மது மிஷினை நிறுத்தினார்

1

இந்தக் கதை ஒரு கையேட்டிலிருந்து வந்தது. மறைக்க என்ன இருக்கிறது? கான்கிரீட் பம்பைக் கடும் மழையிலும் அவசர நேரத்திலும் பாதுகாப்பாக இயக்குவது எப்படி என்று ஒரு கம்பெனி அச்சடித்த புத்தகத்தைத் தமிழில் பெயர்த்துக்கொண்டிருந்தேன். 'ஆபத்து என்று தோன்றினாலே இயக்குபவர் இயந்திரத்தை நிறுத்தலாம். யாருடைய அனுமதியும் தேவையில்லை' என்று ஒரு இடம் வந்தது. அதற்கு மேல் எனக்கு வேலை ஓடவில்லை. கிதிர் முகம்மது அண்ணாச்சி ஞாபகம் வந்துவிட்டது.

அவரை நான் பார்த்ததில்லை. எல்லாம் எங்கள் சொக்கம்மாள் அத்தை சொன்னது. அவளுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது, வாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

2

சிற்றாற்றங்கரையில் கிதிர் முகம்மது கான்கிரீட் பம்பின் விசையைத் தட்டியதும்

(போச்சு. அறுபத்திரண்டில் தென்காசிப் பக்கம் கான்கிரீட் பம்பு ஏது?*)

* பன்னிரண்டு சித்தாள் பெண்களின் தலைதான் பம்பு. கரையிலிருந்த கலவை மிஷினிலிருந்து ஆற்றுக்குள் தோண்டிய தூண் குழிவரை வரிசையாக நின்று, சட்டி சட்டியாகக் கைமாற்றி விடுவார்கள். அந்த வரிசையில் ஐந்தாவது ஆள் எங்கள் அத்தை, பத்தொன்பது வயது.

2, மறுபடியும்

குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் நடுவே சிற்றாற்றின் குறுக்கே ஒரு சின்னப் பாலம் கட்டினார்கள். கரைமேல் கலவை மிஷின். டீசல் எஞ்சின், கைப்பிடி போட்டுச் சுற்றினால்தான் உயிர் வரும். மழை நாளில் அதைக் கிளப்புவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். அதன் மொழி தெரிந்த ஒரே ஆள் கிதிர் முகம்மது.

அவருக்கு ஒரு பழக்கம். மிஷின் தொட்டி ஒரு தடவை நிறைந்தால் ஒரு ஈடு. மூன்று ஈடு கலவை இறக்கியதும் எஞ்சினை நிறுத்துவார். தலைத்துண்டை அவிழ்த்துக் காதைத் துடைத்துக்கொண்டு மேற்கே பார்த்து நிற்பார். மலையில் மழை பெய்தால் அருவிச் சத்தம் கனக்கும். ஆற்றில் தண்ணீர் ஏறுவதற்கு முன்னால் அந்தச் சத்தம் வந்து சொல்லிவிடும். எஞ்சின் ஓடினால் ஒரு மண்ணும் கேட்காது. அதற்குத்தான் இந்த நிறுத்தம். அந்த ஐந்து நிமிடத்தில் பெண்கள் இடுப்பை நிமிர்த்தி, அவித்த மரவள்ளிக்கிழங்கைப் பிட்டுத் தின்று, ஊர்க்கதை முழுக்கப் பேசி முடிப்பார்கள். "அந்த அஞ்சு நிமிசம் இருக்கே, அதுக்காகவே வேலைக்குப் போலாம்லே" என்பாள் அத்தை. இதைச் சொல்லும்போது அவள் முகம் பார்க்கவேண்டும், அவ்வளவு ஆசை. எனக்கும் பொறாமையாக இருக்கும்.

3

ஐப்பசியில் ஒரு நாள், பெரிய தூணின் அடித்தளம் போட்டார்கள். தூண் நிரம்புகிற அன்றைக்குக் காண்ட்ராக்டர் கறிச்சோறு போடுவது வழக்கம். வரிசைக்குப் பின்னால் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. ஓவர்சியர் சிவனணைந்தபெருமாள் (பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு சட்டி கைமாறிவிடும்) காலையிலேயே வந்து நின்றார்.

"பாய், இன்னைக்கு உம்ம காது வைக்கிற சோலியெல்லாம் வேண்டாம். பாதியில நின்னா கலவை ஒட்டாம தூணு ரெண்டாப் போயிரும், தெரியும்லா?"

"தெரியும் சார்."

"இந்தத் தூணு முடியட்டும். உம்ம வேலையை நிரந்தரமாக்க நானே எழுதுதேன்."

கிதிர் முகம்மதுக்கு அது சின்ன விஷயமில்லை. தறிவேலை படுத்துப்போய் மூன்று வருடம் அலைந்த மனிதர். வீட்டில் மனைவி அலிமாவுக்கு வயிற்றில் எட்டு மாதம். நிறுத்தவில்லை. ஆறு ஈடு போயிற்று. ஏழாவது ஈடு தொட்டிக்குள் சுற்றும்போது தூறல் வலுத்தது. கரையோரத் தண்ணீரில் சருகுக் கூட்டம் ஒன்று மிதந்து வந்தது. பின்னாலேயே தண்ணீர் லேசாகச் சிவந்தது. அவ்வளவுதான் அவர் பார்த்தது. எஞ்சின் இரைச்சலில் அருவிச் சத்தம் கேட்கவில்லை. குழிக்குள் பெண்களின் தலை மட்டும் தெரிந்தது.

அவர் மனத்துக்குள் அப்போது

(அவர் மனத்துக்குள் நான் போகமுடியாது. மூன்று தடவை எழுதிப் பார்த்துவிட்டேன், மூன்று தடவையும் என் மனம்தான் வந்து உட்காருகிறது. கை செய்ததை மட்டும் சொல்கிறேன்.)

தொட்டி நிறையக் கலவையோடு எஞ்சினை நிறுத்தினார். குழியைப் பார்த்து ஓடினார்.

"ஏ தாயீ, எல்லாரும் மேல ஏறுங்க! சட்டியைப் போடுங்க, ஏறுங்க!"

சட்டிகளைப் போட்டுவிட்டு விழுந்தடித்து ஏறினார்கள். அத்தைக்கு முழங்காலில் சிராய்ப்பு, இன்னும் காட்டுவாள்.

4

இங்கேதான் எனக்கு ஆசை வந்தது. இப்படி எழுதினேன்: கடைசிப் பெண் கரையேறிய மறு நிமிடம் மரத்தையும் பாறையையும் உருட்டிக்கொண்டு வெள்ளம் வந்தது. குழி இருந்த இடம் தெரியவில்லை. ஓவர்சியர் கிதிர் முகம்மதுவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

எழுதி முடித்து இரண்டு தடவை எனக்கே சத்தமாக வாசித்துக்கொண்டேன். அத்தையிடம் வாசித்துக் காட்டினேன்.

"எந்த வெள்ளம்லே?" என்றாள்.

"கதைக்கு, அத்தே."

"ஒரு வெள்ளமும் வரலை. தண்ணி ஒரு சாண் ஏறிச்சு, அப்படியே நின்னுட்டு. சாயங்காலம் வெயிலே அடிச்சுது."

அது எனக்கும் தெரியும். மழையில் எஞ்சின் மறுபடி கிளம்பவில்லை. தொட்டிக்குள் கலவை இறுகிப்போயிற்று. தூண் பாதியில் நின்றது. "சோறும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. போங்க" என்று ஓவர்சியர் கத்தினார். கலவையை உளியால் பெயர்த்துத் தொட்டியைச் சுத்தம் செய்துவிட்டு கிதிர் முகம்மது நடையைக் கட்டவேண்டும் என்பது உத்தரவு.

"வெள்ளம் வந்தாத்தானே அத்தே, அவர் செஞ்சது சரின்னு தெரியும்?"

அத்தை எழுந்து வாசலுக்குப் போனாள். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"நாங்களும் அப்படித்தாம்லே நினைச்சோம். கறிச்சோறு போச்சேன்னு அந்த மனுசனை வாய்க்கு வந்தபடி வஞ்சோம். நானும்தான் வஞ்சேன். காதுகெட்ட பாய்னு கேலி வேற. பன்னெண்டு பேரும் முழுசா வீட்டுக்குப் போனோம்லா, அது ஒருத்திக்கும் தோணலையே. ஓவர்சியர்கிட்ட ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை நாங்க சொல்லியிருந்தா..."

அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

5

வெள்ளத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அது வந்தால் எனக்குச் சுகம், வாசிக்கிற உங்களுக்கும் சுகம். நிரந்தர வேலை கிடைத்ததாக இன்னொரு முடிவும் எழுதினேன், அது சுத்தப் பொய். புளியறை தாண்டி மலையாளத்துப் பக்கம் வேலைக்குப் போனார் என்கிறார்கள். என்ன குழந்தை பிறந்தது என்றுகூட அத்தைக்குத் தெரியாது.

ஆகவே தூண் நின்றுபோன மூன்றாவது நாள் காலையில் கதையை நிறுத்துகிறேன். கிதிர் முகம்மது தொட்டிக்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு உளியால் கொத்துகிறார். வேறு ஆள் வந்து மிஷினை ஓட்டும்வரை பெண்கள் கல் சுமக்கிறார்கள். சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொருத்தியாக அவரைத் தாண்டிப் போகிறாள். முதல் நாலு பேரும் பேசாமல் போய்விட்டார்கள். ஐந்தாவதாக அத்தை. அவளும் குனிந்த தலை நிமிராமல் போனாள், அதை என்னால் மாற்றமுடியாது.

ஆனால் வரிசையில் பதின்மூன்றாவதாக நீங்கள் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உளிச் சத்தம் நிற்கிறது. அண்ணாச்சி முகத்தில் சிமெண்டுத் தூளோடு நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறார். ஏதாவது சொல்லுங்கள்.