அக்காவுக்காக ஒரு ஜெபம்

எங்க வீட்டுல யாருக்கும் நேருக்கு நேர் பேசத் துப்பு கிடையாது. மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியாததை எல்லாம் கண்ண மூடிக்கிட்டு ஆண்டவர்கிட்ட சொல்லுவோம். ஜெபம் நடக்கும்போது யாரும் குறுக்க பேசக்கூடாதுல்லா, அதான் வசதி.

அன்னைக்கு நாசரேத்துல இருந்து அம்மாவும் அக்கா ஜெபசுதாவும் அத்தானும் மில்லர்புரத்துல எங்க வீட்டுக்கு வந்திருந்தாவ. சீலாமீன் குழம்பு வச்சிருந்தேன். ஒருத்தரும் ஒழுங்கா சாப்பிடல. கை கழுவுனதும் அம்மா, "ஜெபம் பண்ணுவோம்"ன்னா. எல்லாரும் முழங்கால் போட்டோம்.

"ஆண்டவரே, என் மூத்த மவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்துட்டாவ. அவ புள்ளையத் தங்கச்சி சுமந்து குடுக்கலாம்னு டாக்டரு சொல்லுதாரு. சின்னவ ஜெர்லினுக்கு ஒரு பையனைக் குடுத்திருக்கீரு. அவ கல்லு மனச இளக்கும்."

கல்லு மனசாம்! எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. பக்கத்துல அக்கா விசும்புதா. என் வீட்டுக்காரரு பெவின், வேண்டாம்ங்கிற மாதிரி கையப் பிடிச்சாரு. உதறிட்டேன்.

"பிதாவே"ன்னு நானும் ஆரம்பிச்சேன். "பெவினை நான் வீட்டுக்குத் தெரியாமக் கட்டிக்கிட்டேன். மொதப் புள்ள அஞ்சாம் மாசம் வயித்துலயே செத்துட்டு. ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடந்தேன். எனக்கு ரத்தப்போக்குகூட நிக்கல. அக்கா வந்து தலையில கை வச்சு, 'கீழ்ப்படியாத வயித்தைத் தண்டிச்சீரே, உமக்கு ஸ்தோத்திரம்'ன்னு ஜெபம் பண்ணுனா. அம்மா தடுக்கல."

விசும்பல் நின்னுபோச்சு. அம்மா தொண்டையச் செருமினா. செருமினா நான் நிறுத்திருவேனா?

"நீரு தண்டிச்ச வயித்துல அக்கா புள்ளைய வைக்க எனக்குப் பயமா இருக்கு ஆண்டவரே. பாவம்லா அவ! அவ கர்ப்பப்பையையும் நீருதான் எடுத்தீரு. எதுக்குன்னு உமக்குத் தெரியும். உம்ம சித்தத்துக்குக் குறுக்க நான் வரமாட்டேன். அவளைக் கடைசி வரைக்கும் இப்படியே வச்சிரும். ஆமென்."

பழக்கதோஷம், அம்மாவும் ஆமென்னா. அத்தானும் சொன்னாரு. அக்கா வாயி தானாத் தொறந்து, "ஆ..." வரைக்கும் வந்து நின்னுட்டு.

நான் கண்ணத் தொறந்து அவ மூஞ்சியவே பாத்தேன்.

"சொல்லுக்கா. ஜெபத்தை அரைகுறையா விடக்கூடாது."

சொன்னா.

எனக்கு வயிறு குளுந்துச்சு.