இருபது பொட்டலம்

அந்த ஆஸ்பத்திரி மருந்தகத்தில் அவளுக்கு மெஷின் என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேரைச் சம்பளப் பட்டியலில்தான் பார்க்க முடியும். அவளுக்கும் அதில் பெருமைதான். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி ஓடுவாளே தவிர, உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. உட்காருகிறவர்களைக் கண்டாலும் பற்றிக்கொண்டு வரும். குழந்தைகள் வார்டு நர்ஸ் எப்போது பார்த்தாலும் டீயும் கையுமாக இருக்கிறாள் என்று போன வாரம்தான் மேலிடத்தில் போட்டுக்கொடுத்திருந்தாள். ரொம்ப நல்ல காரியம், போங்கள்.

ஏழு வாரமாக ஞாயிற்றுக்கிழமையும் வேலை. எட்டாவது ஞாயிறு காலையில் கணவன் அவள் பையை ஒளித்து வைத்துவிட்டான்.

"இன்னைக்கு ஆராதனைக்கு வந்தாத்தான் பை கிடைக்கும். ரெண்டு மணி நேரம் நீ இல்லன்னா ஆஸ்பத்திரி இடிஞ்சு விழுந்துடாது."

"விழுந்துட்டா?"

"நானே போய்க் கட்டித் தரேன். வா."

ஆலயத்தில் முதல் பாட்டு முடிவதற்குள் அவள் தலை ஆடத் தொடங்கியது. கணவன் இரண்டு முறை முழங்கையால் இடித்து எழுப்பினான். பிரசங்கம் எந்தப் பக்கம் போனதென்றே தெரியவில்லை. திருவிருந்து வந்தபோது எல்லோரும் மௌனமானார்கள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் காதில் எந்த மணியும் அடிக்கவில்லை, எந்தக் குரலும் அவளை அதட்டவில்லை. அப்பாடா என்று இருந்தது.

போதகர் ஒரு அப்பத்தை உயர்த்திப் பிட்டார். ஒன்றே ஒன்று. இத்தனை பேருக்கும் இது எப்படிக் காணும், ஆளுக்கு எவ்வளவு வரும் என்று அவள் மனசு தொழில் புத்தியில் கணக்குப் போட்டது. ஒன்று, இருபது பங்கு.

அடுத்த நொடி தூக்கம் கலைந்து நிமிர்ந்தாள்.

முந்தின நாள் சாயங்காலம் ஒரு கைக்குழந்தைக்கு இதய மருந்து தயாரித்திருந்தாள். ஒரே ஒரு மாத்திரையை அரைத்து, மாவு கலந்து, இருபது பொட்டலமாகப் பங்கிட வேண்டும். ஆனால் அவள் கண்ணுக்குள் இப்போது தெரிந்தது குப்பைக்கூடையில் கிடந்த மாத்திரை அட்டை. பத்துக் குழியும் காலி. மூக்குக் குழாய் வழியாக மருந்து இறங்கும் பெரியவர்களுக்கு அன்றைக்கு முழுக்க அட்டை அட்டையாக அரைத்த கை, குழந்தைக்கும் ஒரு அட்டையை முழுசாக அரைத்துவிட்டிருந்தது.

ஒருவர் தயாரித்தால் இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அங்கே சட்டம். கூட வேலை செய்கிற அண்ணன் டீ குடிக்கப் போயிருந்தார். அவர் வரும்வரை நிற்கப் பொறுக்காமல் மருந்துச் சீட்டில் அவர் கட்டத்திலும் தானே கிறுக்கிவிட்டிருந்தாள், மகராசி.

முதல் வேளை ஞாயிறு காலை பத்து மணி. சுவர்க் கடிகாரத்தில் பத்து மணி எட்டு நிமிஷம்.

கணவனின் கைப்பேசியை வாங்கிக்கொண்டு வெளியே ஓடினாள். குழந்தைகள் வார்டு போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. இரண்டு தெரு தள்ளித்தான் ஆஸ்பத்திரி. ஆண்டவரே, ஆண்டவரே என்பதைத் தவிர வேறு ஜெபம் வரவில்லை. எப்படி ஓடினாள், எந்த வண்டியில் அடிபடாமல் தப்பினாள் என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது.

வார்டில் குழந்தை கட்டிலில் அசையாமல் கிடந்தது. கிட்டே போய்ப் பார்த்தாள். மூச்சு சீராக இருந்தது, தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அதன் அம்மாவும் கண்ணயர்ந்திருந்தாள்.

உள்ளறையிலிருந்து நர்ஸ் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தாள். மெஷினைப் பார்த்ததும் அவள் முகம் செத்துவிட்டது.

"கோவிச்சுக்காதீங்கக்கா. பத்து மணிக்கே குடுத்திருக்கணும். விடியறதுக்கு முன்னாடி வந்தவ, இன்னும் உட்காரல. போன் அடிச்சப்பகூட எழுந்திருக்க முடியல. ஒரு வாய் டீ குடிச்சுட்டுக் குடுக்கலாம்னு..."

"குடுக்கலியா?"

"இல்லக்கா. திரும்ப எழுதிப் போட்டுடாதீங்க."

மெஷின் மருந்துத் தட்டை இழுத்தாள். பொட்டலங்களை எடுத்து எண்ணினாள். இருபதும் இருந்தன. அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். பாவம் நர்ஸ், தன்னால்தான் அழுகிறாளோ என்று பதறிப்போய் மிச்ச டீயை நீட்டினாள். மெஷின் வாங்கிக் குடித்தாள்.

பிறகு டியூட்டி டாக்டரிடம் போய் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அவர் அந்த மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்தார். இரண்டு கட்டத்திலும் ஒரே கையெழுத்து.

"இது மேல போகும், தெரியுமில்ல?"

"போகட்டும் சார்."

"புதுசா போட்டுக் கொண்டாங்க. ஒரு மணி நேரம் தாமதமானா குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது."

மருந்தகத்துக்குத் திரும்பி ஒரே ஒரு மாத்திரையை எடுத்து அரைத்து, மாவு கலந்து, பங்கிட்டாள். இருபது பொட்டலத்தையும் ஒரு குழி மட்டும் காலியான அட்டையையும் மேசைமேல் வரிசையாக வைத்தாள். அண்ணன் டீ குடிக்கப் போயிருப்பதாகச் சொன்னார்கள்.

"கூப்பிடட்டுமா?" என்றார் மருந்தக வாசலில் நின்ற காவலாளி.

"வேணாம், குடிச்சுட்டு வரட்டும்."

ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அவர் வந்து அட்டையைப் பார்த்து, பொட்டலங்களை எண்ணி, தன் கையெழுத்தைத் தானே போடும்வரை அதில் உட்கார்ந்திருந்தாள்.