தலை வெட்டி நட்ட துலிப்

உலகெங்கும் பரந்து வாழும் தமிழ்ப் பெருமக்களுக்கும், ஜெர்மானிய அரசுக்கும், ஏனைய நட்பு நாடுகளுக்கும் இத்தால் அறியத் தருவது யாதெனில்: நிகழும் 2003ஆம் ஆண்டு ஐப்பசி முதலாம் நாள் சனிக்கிழமை, காலை பத்து மணி தொடக்கம் பத்தே முக்கால் வரையுள்ள சுபவேளையில், கொலோன் நகரின் வடபுறத்து டிராம் தரிப்பிடம் ஒன்றின் அருகே அமைந்திருக்கும் பதினெட்டு மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் அகலமும் கொண்ட புல்திட்டில், இரு இனங்களை இணைக்கும் நிரந்தர மலர்ப்பாலம் ஒன்று அமைக்கப்படும்.

இதைத் தமிழர் ஒன்றியத்தின் செயலாளர் உருத்திரமூர்த்தி எழுந்து நின்று வாசித்து முடித்தபோது, கூட்டத்துக்கு வந்திருந்த பதினேழு பேரும் கைதட்டினார்கள். நட்பு நாடுகள் எவை என்று ஒருவரும் கேட்கவில்லை. ஊரில் போர்நிறுத்தம் நடந்துகொண்டிருந்த காலம்; ஒன்றியங்களுக்குத் தீர்மானம் போட விஷயத் தட்டுப்பாடு. தெருவோரத் திட்டுகளைப் பொதுமக்கள் பொறுப்பெடுத்துப் பூ நடலாம் என்று நகரசபை அறிவித்ததும், தலைவர் விமலநாதன் அன்றைக்கே அன்ட்ராக் என்கிற விண்ணப்பத்தை எழுதிப் போட்டார். மூன்று கிழமையில் அனுமதிக் கடிதம் வந்துவிட்டது. அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையில் வைத்துக்கொண்டுதான் அன்றைக்குக் கூட்டத்தை நடத்தினார். பூ எங்கிருந்து வரும் என்பதைத்தான் எவரும் யோசித்திருக்கவில்லை.

பின்வரிசையில் இருந்து பத்மா கையை உயர்த்தினாள்.

பத்மா ஒரு நாற்றுப்பண்ணையில் பதினொரு வருடமாக வேலை செய்தாள். ஆறு பேர் கொண்ட நடவுக் குழுவில் ஒருத்தி. காலையில் பண்ணையின் வான் வண்டியில் ஏற்றிப் போவார்கள். வங்கி வாசல், வைத்தியசாலை முற்றம், கல்லறைத் தோட்டம் என்று இறக்கிவிடுவார்கள். யாரோ வரைந்த படத்தைப் பார்த்து, யாரோ சொன்ன நிறத்தை, யாரோ சொன்ன இடத்தில் நட்டுவிட்டு வருவாள். குழுவின் மேற்பார்வையாளர் வருகிற ஏப்ரலோடு ஓய்வு பெறப் போகிறார். அந்த இடத்தைத் தனக்குத் தரமுடியுமா என்று பத்மா போன மாதம் முதலாளியம்மா கிறேமரிடம் கேட்டிருந்தாள். கேட்பதற்கு முன் இரண்டு கிழமை குளியலறைக் கண்ணாடியோடு ஜெர்மன் பேசிப் பழகினாள்.

கிறேமர் அம்மா சிரிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. பின்கட்டிலே கிடந்த நான்கு பெட்டிகளைக் காட்டினார். யாரோ சொல்லிவைத்து எடுக்காமல் விட்ட அறுநூறு துலிப் கிழங்குகள். இடையிடையே நட, வருடா வருடம் தழைக்கும் செடிகளும் இருபது சட்டி.

"இதுவரை மற்றவர்களின் படத்தைப் பார்த்துத்தான் நட்டிருக்கிறாய். ஒரு பாத்தியை நீயே வரைந்து, நீயே ஆட்களை வைத்து நட்டுக் காட்டு. ஏப்ரலில் வந்து பார்க்கிறேன். பார்த்த பிறகு சொல்கிறேன்" என்றார்.

ஆகவே பத்மாவுக்கு ஒரு நிலம் தேவைப்பட்டது. ஒன்றியத்துக்கு ஒரு பூ தேவைப்பட்டது. இரு இனங்கள் இணைவதைப் பற்றி அவள் யோசிக்கவேயில்லை.

கொப்பித்தாளில் படம் வரைந்தாள். முன்னால் கட்டை மஞ்சள், நடுவில் சிவப்பு, பின்னால் பிந்திப் பூக்கும் ஊதா. ஒன்று முடிய மற்றது தொடங்கும், ஐந்து கிழமைக்குக் குறையாமல் நிற்கும். அதைத் தலைவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "நல்ல வடிவாய்க் கீறியிருக்கிறாய் தங்கச்சி" என்று சொல்லி, அனுமதிக் கடிதத்தின் பின்னால் அதே பிளாஸ்டிக் உறைக்குள் செருகினார். அந்தப் படம் அதற்குப் பிறகு வெளியே வரவில்லை.

விமலநாதனைப் பற்றிச் சொல்லவேண்டும். புன்னாலைக்கட்டுவனில் வெங்காயச் செய்கைக்காரர் ஒருவரின் கடைசி மகன். இருபத்தொரு வயதில் ஜெர்மனிக்கு வந்தவர், கார் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை. தகப்பனின் தோட்டத்தை அவர் ஒருநாளும் மறந்ததில்லை. தொண்ணூறாம் ஆண்டில் அவர் சொல்லும்போது அது எட்டுப் பரப்பு; தொண்ணூற்றாறில் பதினான்கு; அந்த இலையுதிர் காலத்தில் இருபத்திரண்டு பரப்பாக வளர்ந்திருந்தது. அகதியாக வந்த எத்தனையோ பேர் ஊரில் நிலத்தை இழந்திருக்கிறார்கள். இங்கே இருந்துகொண்டு வருடத்துக்கு ஒரு பரப்புக் கூட்டியவர் அவர் ஒருவர்தான்.

குறித்த சனிக்கிழமை பத்மா ஒன்பது மணிக்கே பெட்டிகளோடு வந்து இறங்கினாள். மண்ணை முதல்நாளே கொத்திப் போட்டிருந்தாள். கயிறு, முளை, அளவுகோல், முழங்காலுக்கு வைக்கும் ரப்பர்த் துண்டு எல்லாம் இருந்தன. தலைவரும் வந்தார், வேட்டியும் அதன்மேல் குளிருக்குக் கனத்த கோட்டும் போட்டு.

"பத்மா, கொறற்றி தனியச் சமையலறைக்குள்ள கிடந்து மாயுறாள். ஒரு பத்து நிமிஷம் போய்க் கை குடுத்திட்டு வா. நாங்கள் இஞ்ச ஆயத்தப்படுத்துறம்."

சமையலறை என்பது தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த தேவாலய மண்டபத்தின் பின்பகுதி. ஒன்றியம் சைவமும் கிறிஸ்தவமும் கலந்தது. மண்டபம் கிடைத்ததற்கு அந்தத் தேவாலயத்துக்குப் போகிற கொறற்றிதான் காரணம், வடை சுடுவதற்கும் அவள்தான். பத்மா போனபோது அவள் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் வேர்த்து நின்றாள்.

"வாடியப்பா. வெளியில தோட்டக்காரர் ஆர்?"

"நான்தான்."

"அப்ப நீ ஏன் இஞ்ச நிக்கிறாய்?"

பத்து நிமிஷம் இரண்டு மணித்தியாலம் ஆனது. நூற்றைம்பது வடையும் எண்பது ரோல்ஸும் முடிந்து, ஏப்ரனோடு தெருவைக் கடந்து வந்தபோது சுபவேளை கழிந்திருந்தது. மங்கல விளக்கு காற்றுக்கு அணைந்து கிடந்தது. தலைவர், செயலாளர், நிர்வாகக் குழுவில் நான்கு பேர், பழைய பத்திரிகையை விரித்து வட்டமாகக் குந்தியிருந்தார்கள். ஆளுக்கொரு கத்தி. நடுவில் வெள்ளையும் மண்ணிறமுமாக ஒரு குவியல்.

பத்மா கிட்ட வந்து பார்த்தாள். கிழங்குகளின் நுனி. கூரான மேல்பாகம் மூன்றில் ஒரு பங்கு வெட்டி வீசப்பட்டிருந்தது.

"என்ன அண்ணை செய்யிறியள்?"

"தலை வெட்டுறம்" என்றார் விமலநாதன், நிமிராமல். "விதை வெங்காயத்துக்குத் தலை வெட்டாமல் நட்டால் முளை ஒண்டுபோல வராது. இவங்கள் வெள்ளையளுக்கு இதுகள் தெரியாது. அதுதான் ஒண்டு ஒண்டாய் முளைக்குது அவங்களுக்கு."

"இது வெங்காயமில்லை அண்ணை."

"வெங்காயச் சாதிதான். தோலைப் பார்."

"எத்தினை வெட்டிப்போட்டியள்?"

உருத்திரமூர்த்தி புள்ளிவிவரத்தில் எப்போதும் கெட்டிக்காரர். "முந்நூற்றித் தொண்ணூறு" என்றார். "இன்னும் ஒண்டரைப் பெட்டிதான் மிச்சம். கை சோர்ந்துபோச்சு. வடை வந்திட்டுதே?"

பத்மா இடுப்பில் இருந்த நாற்றுக்கத்தியை எடுத்தாள். மிச்சப் பெட்டியில் இருந்து ஒரு கிழங்கை எடுத்து, மேலிருந்து கீழாக நெடுக்கே பிளந்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். அடுக்கடுக்கான வெள்ளைச் சதைக்கு நடுவே, மஞ்சள் பூத்த சிறிய தளிர் ஒன்று நின்றது. உற்றுப் பார்த்தால் அதன் தலையில் மொட்டு, நகக்கண் அளவுக்குக்கூட இல்லை, ஆனால் இதழ் பிரிந்த மொட்டு.

"பூ இதுக்குள்ள இப்பவே இருக்கு அண்ணை. நீங்கள் வெட்டினது அதைத்தான். மிச்சம் மழைக்கு அழுகும்."

எல்லாரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். விமலநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அவருடைய முகத்தில் ஏதோ ஒன்று ஓடி மறைந்ததைப் பத்மா கண்டாள். அந்த ஒரு கணத்தில் அவருக்கு விளங்கிவிட்டது என்று அவள் பிறகும் நம்பினாள். ஆனால் சுற்றிவர ஐந்து பேர் கத்தியோடு குந்தியிருந்தார்கள்; ஐந்து பேருக்கும் வெட்டக் காட்டிக்கொடுத்தவர் அவர்.

"இது குருத்து" என்றார் கடைசியில். "குருத்துக்கு வழி விடத்தானே தலையை வெட்டுறது. இருபத்திரண்டு பரப்பு வெங்காயம் வைச்ச குடும்பத்துக்கு நீ பாடம் எடுக்காதை பிள்ளை."

நிர்வாகக் குழு நிம்மதியாக மூச்சு விட்டது. ஒருவர் சிரித்தார்.

பத்மா அந்த இடத்தில் சண்டை பிடித்திருக்கலாம். வாயில் நல்ல சொற்களும் வந்திருந்தன. ஆனால் அவளுடைய கண் மிச்சமிருந்த ஒன்றரைப் பெட்டியில் நின்றது. சண்டை பிடித்தால் இவர்கள் ரோசத்துக்கு அதையும் வெட்டுவார்கள். அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்; பதினொரு வருடமாக ஒன்றியத்தின் பொதுக்கூட்டங்களுக்குப் போனவள்.

"சரி அண்ணை" என்றாள். "வெட்டினது நல்லாய் முளைக்குமெண்டால், அதை முன்பக்கம் வைப்பம். பெயர்ப்பலகை நிக்கிற பக்கம். ஆக்கள் பாக்கிற இடம். நீங்களே உங்கடை கையாலை நடுங்கோ. மிச்சத்தை நான் டிராம் பக்கம் சும்மா தாட்டு விடுறன்."

விமலநாதனுக்கு இது பிடித்துக்கொண்டது. "பார்த்தியளே, சொன்னால் விளங்கிக்கொள்ளுற பிள்ளை" என்று குழுவுக்குச் சொன்னார்.

அப்படியாக மலர்ப்பாலம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. முன்பக்கத்தில் பெரியவர்கள் புகைப்படம் எடுத்து எடுத்து நட்டார்கள். ஒருவர் செடிகளில் மூன்றைச் சட்டியோடேயே புதைத்தார். பின்பக்கத்தில், கிறேமர் அம்மாவின் வான் ஒவ்வொரு நாள் காலையும் தண்டவாளத்தோரமாகப் போகும் பக்கத்தில், பத்மா முழங்காலில் நின்று இருநூற்றுச் சொச்சத்தை ஒரு சாண் ஆழத்தில் நட்டாள். கொறற்றி வடைத் தட்டோடு வந்து பார்த்துவிட்டு, "நீ சரியான கள்ளியடி" என்றாள். பத்மா அறுநூறுக்கு வரைந்த படத்தை இருநூறுக்குச் சுருக்குவது எப்படி என்று மனசுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிறங்கள் கலந்து போயிருந்தன. எந்தக் கிழங்கு எந்த நிறம் என்று பெட்டியில் ஒட்டியிருந்த கடதாசியைத்தான் உருத்திரமூர்த்தி வெட்டின தலைகளை அள்ளி எறியப் பயன்படுத்தியிருந்தார்.

மாரி முழுக்க மழை. பத்மா இருட்டோடு டிராமுக்கு நிற்கையில் மண்ணைப் பார்ப்பாள். மாசி முடிவில் தன் பக்கத்தில் பச்சை மூக்குகள் வரிசையாக எட்டிப் பார்த்தன. முன்பக்கத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாக ஒற்றை இலை. ஒரு விரலால் மண்ணைக் கிளறினாள்; கூழாக ஏதோ ஒட்டியது. விரலைக் கைக்குட்டையில் துடைத்தாள். சந்தோஷப்படலாம் என்று நினைத்திருந்தாள். அந்த நாற்றம் அதற்கு இடம் விடவில்லை. முந்நூற்றித் தொண்ணூறு கிழங்கு, அவளை நம்பித் தந்தவை.

திறப்புவிழா ஏப்ரல் இருபத்தைந்து, ஞாயிறு. டிராம் பக்கம் மஞ்சளும் சிவப்பும் ஊதாவும் ஒழுங்கில்லாமல் கலந்து, தலைக்குத் தலை முட்டி நின்றன. முன்பக்கம் வெறும் மண்; தலைவரின் பெயரோடு பலகை அதன் நடுவில்தான் நின்றிருந்தது. சனிக்கிழமை பின்னேரமே விமலநாதன் சுத்தியலோடு வந்து பலகையைப் பிடுங்கி மற்றப் பக்கத்தில் அடித்துவிட்டார். விழாவுக்கு வந்தவர்களையும் தண்டவாளப் பக்கமாகவே கூட்டிக்கொண்டு போனார். அழைத்திருந்த துணை மேயர் வரவில்லை. அவருக்குப் பதிலாக வந்த அலுவலர் ஒருவர் குளிரில் காலை மாற்றி மாற்றி நின்றார்.

"எங்கள் மண்ணின் பல்லாயிரம் ஆண்டு வேளாண் அறிவு" என்று விமலநாதன் முழங்கினார். இளம் உறுப்பினர் ஒருவர் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். "இந்தக் கிழங்குகளின் தலையை நாங்கள் வெட்டி நட்டோம். அதுவே இந்தச் செழிப்பின் இரகசியம்." அலுவலர் தலையாட்டினார். பத்மா தேநீர்த் தட்டோடு நின்றாள். கொறற்றி முழங்கையால் இடித்தாள்.

"போய்ச் சொல்லனடி."

"தட்டை வைக்க இடமில்லை."

அப்போதுதான் கூட்டத்தின் பின்னால் கிறேமர் அம்மா நிற்பதைக் கண்டாள். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் அவரை அடையாளம் தெரிய ஒரு நிமிடம் எடுத்தது. முதலாளியம்மா பூக்களைப் பார்த்தார், பேச்சைக் கேட்டார், பிறகு தனியாக நடந்து முன்பக்கம் போனார். பத்மா தட்டைக் கொறற்றியின் கையில் திணித்துவிட்டுப் பின்னால் ஓடினாள்.

கிறேமர் அம்மா குனிந்து ஒரு கிழங்கைத் தோண்டி எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டியோடு புதைத்த செடியையும் கண்டுவிட்டார்.

"இங்கே நட்டது யார்?"

"அவர்கள்."

"அங்கே?"

"நான்." பழகி வைத்திருந்த ஜெர்மன் எல்லாம் போய்விட்டது. "நான் வருவதற்குள் வெட்டிவிட்டார்கள். சொன்னேன், கேட்கவில்லை. மிச்சத்தையும் வெட்டிவிடுவார்கள் என்று பயந்து, இந்தப் பக்கம்தான் முக்கியம் என்று சொல்லி அவர்களை இங்கே விட்டேன்."

கிறேமர் அம்மா கிழங்கைத் திரும்பப் போட்டுக் கையைத் தட்டினார். "நிறம் கண்டபடி. நெருக்கமாகவும் வைத்திருக்கிறாய்." பிறகு மேடைப் பக்கம் பார்த்தார், அங்கே இன்னும் பேச்சு முடியவில்லை. "முப்பது வருடமாக என்னுடைய மேற்பார்வையாளரும் இதைத்தான் செய்கிறார். கேட்காதவர்களைக் கெடுதல் செய்யமுடியாத இடத்தில் நிறுத்துவது. நடுவதை யாருக்கும் பழக்கலாம். மே மாதத்தில் இருந்து வான் சாவியும் குழுவும் உன்னிடம் இருக்கும்."

பத்மா நன்றி சொல்ல மறந்துவிட்டாள். அந்தப் பக்கத்தில் கைதட்டல் கேட்டது, அது விமலநாதனுக்கு.

அனுமதிக் கடிதத்துக்கு இரண்டாம் பக்கம் ஒன்று இருந்தது. பிளாஸ்டிக் உறையில் இருந்து அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தவர் எவருமில்லை. வசந்தப் பூக்களுக்கான அனுமதி மே பதினைந்து வரை. அதன்பின் கோடை நடவு நகரசபையின் ஒப்பந்தப் பண்ணையான கிறேமர் அம்மாவின் பண்ணைக்கு உரியது என்று அதில் எழுதியிருந்தது. மே பதினேழு, திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் பத்மா தன் குழுவோடு வானில் வந்து இறங்கினாள். அன்றைய பட்டியலில் முதலாவது வேலை, மலர்ப்பாலத்தைப் பிடுங்கி லொறியில் ஏற்றிவிட்டுப் பெகோனியாப் பூச்செடி நடுவது. பதினொன்றரைக்கு முடிந்துவிட்டது.