வாசிக்காத நாலாவது வரி

திருவிழாத் துளசிச் சட்டிகளில் செருகும் நாலு வரிப் பாட்டுக்கான போட்டியின் விதிகளில் ஒன்றை மட்டும் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்: முடிவு அறிவிக்கும்வரை நடுவர்கள் எந்தப் பாட்டையும் வெளியே காட்டக் கூடாது. அந்த விதியை எழுதியவரே மூன்று நடுவர்களில் ஒருவரான வால்டெமார்தான். எழுதியவனுக்கு மீறவும் உரிமை உண்டு என்பது அவர் கட்சி. வருஷா வருஷம், போர்ட்டோ நகரத்தில் புனித யோவான் திருவிழா நெருங்கும்போது, புனைபெயரில் வந்ததிலேயே மோசமான பாட்டுகளைப் பையில் செருகிக்கொண்டு செஃபெரீனுவின் காப்பிக்கடைக்குப் போய் வாசித்துக் காட்டுவார். கடையில் இருப்பவர்கள் சிரித்து உருளுவார்கள். அவருடைய சொந்தக் கவிதைகளுக்கு அந்தக் கூட்டம் ஒருநாளும் கூடியதில்லை என்பதை அவர் கவனித்ததுண்டு. கவனித்ததை மறந்ததும் உண்டு.

அன்று மத்தியானமும் கடை நிறைந்திருந்தது.

"கவிஞரே, இன்னிக்கு யாரைக் கொல்லப் போறீங்க?" என்றார் செஃபெரீனு, காப்பி இயந்திரத்தைத் துடைத்தபடி.

"கொல்றதா? தானா செத்து வந்தது. நான் பிரேதப் பரிசோதனை மட்டும்தான் பண்றேன்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூக்கில் சளி பிடித்த விதவையின் குரலில் ஆரம்பித்தார்.

*மூக்கு பட்டால் வாடுவேன் என்பாய்,*
*கையால் தொட்டு முகரணும் என்பாய்;*
*ஜன்னல் ஓரம் நிற்கும் எனக்கோ*

இங்கே நிறுத்தினார். துளசியை நேரே மூக்கால் முகர்ந்தால் வாடிவிடும், கையால் தொட்டுக் கையைத்தான் முகர வேண்டும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. கண்ணாடிக்கு மேலாகக் கூட்டத்தைப் பார்த்தார். "செடி பேசுதுங்க. துளசிச் சட்டி வாய் திறந்து பேசுது. ஜன்னல் ஓரம் நிக்குதாம். உள்ள கூப்பிட்டு சோபாவுல உக்கார வெக்கணும்போல. இந்தச் செடிக்கு வேண்டியது பரிசு இல்லை, ஒரு புருஷன்."

கடை குலுங்கிற்று. வறுத்த வேர்க்கடலை யாருக்கோ புரையேறியது. அந்தச் சத்தத்தில் நாலாவது வரியை வாசித்து என்ன பிரயோஜனம் என்று வால்டெமார் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். திரும்பினால், ரொட்டி வாங்குமிடத்தில் அவர் மனைவி இதலினா நின்றுகொண்டிருந்தாள். அரை டஜன் ரொட்டியை வாங்கி, சில்லறையைச் சரிபார்த்து, "சாப்பாடு ஆறிடும், வால்டெமார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

வால்டெமாரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். துறைமுகச் சுங்க அலுவலகத்தில் காலம் முழுக்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஏழு கவிதைப் புத்தகம் போட்டவர். போர்ட்டோவில் ஒருத்தர் கவிதைப் புத்தகம் போட்டால் என்ன நடக்கும் என்பது எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். நூலகத்தில் கூட்டம், ஆளுக்கொரு சின்னக் கிண்ணம் இனிப்பு ஒயின், புத்தகத்தை அறிமுகப்படுத்தும் பெரியவர் முக்கால் மணி நேரம் தன் புத்தகத்தைப் பற்றிப் பேசுவார். வந்தவர்களும் கவிஞர்கள்தான். அடுத்த மாதம் அவர்கள் கூட்டத்துக்கு நாம் போக வேண்டும், அதற்கு இது முன்பணம். அப்புறம் கையெழுத்துப் போட்ட பிரதிகளை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வார்கள். "அதற்குரிய கவனத்துடன் வாசிப்பேன்" என்று பதில் வரும். அது பொய் என்று சொல்ல முடியாது. எவ்வளவு கவனம் உரியது என்று அதில் எங்கும் சொல்லவில்லையே.

ஏழு புத்தகமும் இதலினாவுக்குத்தான் சமர்ப்பணம். ஒவ்வொரு தடவையும் "எப்படி இருக்கு?" என்று கேட்பார். ஒவ்வொரு தடவையும் அவள் "அழகா இருக்கு" என்பாள். சுங்கத்தில் முப்பத்தைந்து வருஷம் பெட்டிகளைத் திறந்து பார்த்த மனுஷன், அந்த ஒரு சொல்லை மட்டும் திறந்து பார்க்கவே இல்லை.

அன்று சாயங்காலம் இதலினா சூப்புக்குக் கீரையை நூல் நூலாக அரிந்துகொண்டிருந்தாள். வால்டெமார் நல்ல குஷியில் இருந்தார்.

"அந்தப் பேசுற செடிப் பாட்டு இருக்கே, கேட்டியா? செஃபெரீனு இன்னும் சிரிச்சிட்டிருக்கானாம். 'ஜன்னல் ஓரம் நிற்கும் எனக்கோ'... அதுக்கப்புறம் என்னவோ வரும். மறந்துட்டேன்."

"தண்ணீர் அன்றி என்ன தந்தாய்" என்றாள் இதலினா, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கத்தி ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி அரியத் தொடங்கியது.

வால்டெமார் சிரித்தபடியே இருந்தார். முகத்துக்குச் செய்தி போய்ச் சேரக் கொஞ்சம் நேரமாயிற்று. கடையில் அந்த வரியை அவர் வாசிக்கவில்லை. காகிதம் அவர் பையிலேயே இருந்தது. அந்த வரி மூன்று நடுவர்களுக்கும் எழுதினவருக்கும் மட்டும்தான் தெரியும். ஜன்னல் பக்கம் பார்த்தார். ஜன்னலில் நாலு துளசிச் சட்டி. தினம் காலையில் அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது அவர் பொறுப்பு. வீட்டு வேலையில் தன் பங்கு என்று அதைத்தான் நண்பர்களிடம் பெருமையாகச் சொல்வார்.

"இதலினா, அது நீயா?"

"எது நானா?"

"அந்தப் பாட்டு."

"ஊர்ல பாட்டு எழுதறவங்களுக்கா பஞ்சம்? சூப்பைக் குடி." கொஞ்சம் கழித்துச் சேர்த்துக்கொண்டாள்: "திருவிழாவுக்கு நான் வடக்கே வியானா ஊருக்கு, அக்கா வீட்டுக்குப் போறேன்."

"எப்ப வருவே?"

"பார்க்கலாம்."

திருவிழா அன்று போர்ட்டோவை விட்டுக் கிளம்புகிறவர்கள் இரண்டே வகை: ஆம்புலன்ஸில் போகிறவர்கள், கோபித்துக்கொண்டு போகிறவர்கள். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் அந்த ராத்திரி ஒன்றாகத்தான் வாசலில் மத்தி மீன் சுட்டுத் தின்று, திருவிழா வழக்கப்படி பிளாஸ்டிக் சுத்தியலால் ஒருவர் தலையில் ஒருவர் தட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். வால்டெமார் சூப்பைக் குடித்தார். அதில் உப்பு இருந்ததா இல்லையா என்று பிறகு கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

"கோபமா?" என்று கேட்டுப் பார்த்தார்.

"எனக்கென்ன கோபம்?"

இதற்குமேல் அந்தக் கதவைத் தட்டத் தெரிந்த ஆண்பிள்ளை எங்கள் பேட்டையில் இல்லை.

மறுநாள் காலை காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு அந்த நாலு வரியையும் படித்தார். திரும்பப் படித்தார். நேற்று அது குப்பை. அதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. இன்று அது மகா கவிதையாகத் தெரிந்தது. மத்தியானத்துக்குள் மறுபடி சுமாராகிவிட்டது. எழுதியது யார் என்று தெரிந்துவிட்ட பிறகு நல்லதா கெட்டதா என்று சொல்லத் தனக்கு வரவில்லை என்பதைக் கண்டார். யார் எழுதினார்கள் என்று பார்த்தே நாற்பது வருஷம் கவிதையை எடைபோட்டு வந்ததும் அப்போதுதான் உறைத்தது. இருக்கட்டும், இதைப் பற்றி ஒரு கவிதை எழுதலாம் என்று தோன்றியது. தோன்றியதற்காகத் தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

நடுவர்கள் கூடுவது மருந்துக்கடையின் பின்னறையில். தலைவர் மருந்துக்கடைக்காரர் ஒராசியு. ஊரே அவரை டாக்டர் என்று கூப்பிடும், அவரும் மறுக்க மாட்டார். இன்னொருவர் பள்ளிக்கூடத்தில் போர்த்துக்கீசியம் சொல்லித்தரும் வியோலாந்தே டீச்சர். பரிசு பெறும் பாட்டு எங்கள் பேட்டையில் விற்கும் துளசிச் சட்டிகளின் காகிதக் கொடியில் எல்லாம் ஏறும். அதனால் சின்ன விஷயம் இல்லை.

"முதல்ல இந்தப் பேசுற செடி," என்றார் டீச்சர். "எனக்கு இதுதான் முதல் பரிசு."

டாக்டர் சிரித்தார். "டீச்சர், நேத்து செஃபெரீனு கடைல வால்டெமார் இதை உரிச்சுத் தொங்கவிட்டாராமே. எனக்கு மாத்திரை வாங்க வந்த அத்தனை பேரும் சொல்லிட்டாங்க. தொங்கினதைத் திரும்ப எடுத்து மாட்டணுமா?"

"கடைல சிரிச்சா கவிதை செத்துடுமா? நாலாவது வரியைப் படிங்க. நீங்க சொல்லுங்க, வால்டெமார்."

வால்டெமார் வாயைத் திறந்தார். பரிசு கொடுத்தால் இதலினாவுக்கு அது பரிசாகப் படாது, புருஷன் காட்டும் பரிதாபமாகப் படும். கொடுக்காவிட்டால் நேற்றுக் கடையில் செய்ததை இன்று கையெழுத்துப் போட்டு உறுதிப்படுத்தியதாகும். உண்மையைச் சொன்னால், புனைபெயரில் எழுதினவளை அம்பலத்தில் ஏற்றியது மாதிரி. இத்தனையும் யோசிக்கிற அளவுக்கு வாய் திறந்தே இருந்தது.

"பல் வலியா?" என்றார் டாக்டர் அக்கறையாக.

"நான் நடுவரா இருக்க முடியாது," என்றார் வால்டெமார். "என்னை விட்டுடுங்க."

"ஏன்?"

"சொல்ல முடியாது."

"பரிசளிப்பு விருந்துல மேடைல ஓரத்து நாற்காலி போட்டதுக்கா? அதை மாத்திடலாம்யா."

கவிஞன் ஒருத்தன் கௌரவமான காரணத்துக்காக எழுந்து போவான் என்று டாக்டரால் நினைக்கவே முடியவில்லை. அவரும் இரண்டு புத்தகம் போட்டவர்.

வால்டெமார் வெளியே வந்து, ஆற்றங்கரைப் படிக்கட்டுகளில் இறங்கி ஏறி, தான் ஒரு நேர்மையான காரியம் செய்துவிட்டோம் என்ற நினைப்பிலேயே பொழுதைப் போக்கினார். அந்த நினைப்பு அவருக்குப் பழக்கமில்லாதது. புதுச் செருப்பு மாதிரி கடித்தது.

முடிவை மருந்துக்கடை வாசலில் ஒட்டினார்கள். முதல் பரிசு, மத்தி மீனையும் புனித யோவானையும் ஒரே அடியில் புகழும் ஒரு பாட்டுக்கு. அதில் யாருக்கும் எந்த ஆட்சேபமும் இருக்க முடியாது; மீனுக்குக்கூட. பேசும் செடி பட்டியலிலேயே இல்லை.

வியோலாந்தே டீச்சர் அவரை வீதியிலேயே மறித்தார்.

"என்ன மனுஷன்யா நீங்க? நான் ஒரு பக்கம், டாக்டர் ஒரு பக்கம். மூணாவது ஓட்டு இல்லை. கடைசில ரெண்டு பேருக்கும் பிடிக்காததைத் தேடி எடுத்துக் குடுத்தோம். நீங்க சும்மா உக்காந்து கையைத் தூக்கியிருந்தா அந்தப் பொம்பளைக்குக் கிடைச்சிருக்கும்."

"பொம்பளைன்னு எப்படித் தெரியும்?"

டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரனைப் பார்க்கிற பார்வை. "படிக்கத் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் பை மூடித் தயாராக இருந்தது. இதலினா மேல்கோட்டு போட்டிருந்தாள். வெளியே வீதியில் பையன்கள் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கோ அதற்குள் மீன் சுடும் புகை.

"எந்திரிச்சு வந்துட்டியாமே," என்றாள்.

"யார் சொன்னா?"

"ஊரே சொல்லுது. ஓரத்து நாற்காலின்னு."

"நாற்காலி இல்லை."

"வேற என்ன?"

வழியெல்லாம் அவர் ஒரு மன்னிப்பைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். அதில் கடல் இருந்தது, நங்கூரம் இருந்தது, பனிமூட்டத்தில் ஒரு கலங்கரை விளக்கம்கூட இருந்தது. எல்லாம் அவளுடைய மேல்கோட்டைப் பார்த்ததும் போயிற்று.

"நல்லா இருக்கா இல்லையான்னு சொல்ல வரல," என்றார். "எழுதினது நீன்னு தெரிஞ்சதுக்கப்புறம் வரல. அதான் எந்திரிச்சேன். நான் எந்திரிச்சதாலதான் உனக்குக் கிடைக்கல. அதுவும் நானே."

"இப்பவும் சொல்ல வரலையா?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்; பொய் சொல்லத் தேவையான நேரத்தைவிட அதிகமாகவே எடுத்தது. "நாலாவது வரி நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. என்னால எழுத முடியாது."

"மத்த மூணு?"

"சுமார்."

இதலினாவின் வாயோரம் லேசாக அசைந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, சிரித்தேவிட்டாள். "அது எனக்கே தெரியும். ரெண்டாவது வரி இழுக்குது. ஒரு வாரம் மல்லுக்கட்டினேன்."

"கடைல நான் பண்ணினது..."

"கேவலம்."

"ஆமா."

அவள் பையின் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டாள். வால்டெமார் கதவருகே போய் நின்றார். வழியை மறிக்கிறாரா, திறந்துவிடுகிறாரா என்று அவருக்கே தெரியவில்லை. உவமை ஒன்றும் கைகொடுக்கவில்லை. உவமையில்லாமல் அவர் வாழ்நாளில் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"நீ திரும்பி வருவியா, மாட்டியா?"

இதலினா பையை இறக்கித் தரையில் வைத்தாள். அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"வருவேன். ஞாயித்துக்கிழமை மத்தியான வண்டில வருவேன், ஸ்டேஷனுக்கு வந்து நில்லு. இப்ப போறது கோபத்துலதான், பொய் சொல்லல. வந்ததும் உக்காந்து பேசணும், ஏன்னா உன் முதல் புத்தகம் நல்லா இருந்துச்சு, வால்டெமார், அதை நான் எத்தனையோ தடவை படிச்சிருக்கேன். மத்த ஆறையும் படிச்சேன், ஒரு பக்கம் விடாம. ஒண்ணுகூட நல்லால்ல."