கீரை எழும் நேரம்

எங்கள் ஊர்க் குளிர்காலச் சந்தையில் காலை ஒன்பதுக்கு நான் மணியடிப்பேன். அதற்கு முன்னால் ஒரு கேரட்டைக்கூட யாரும் விற்கக் கூடாது. மணியடிக்கும்போது மேஜையில் சரக்கு இல்லாதவர்கள் அன்றைக்கு விற்கவே கூடாது. இந்த இரண்டு விதிகளையும் எழுதியவள் வெர்னா டாட்ரோவாகிய நான்தான். முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். நேரத்துக்கு வராதவர்களை விட்டுவிட்டுப் போவதில் எனக்குக் கூச்சமே கிடையாது.

அக்டோபரில் ஆன்செல் தீபோ பத்து நிமிஷம் தாமதமாக வந்தான். பூசணிக்காய்களை இறக்கவே விடவில்லை, திருப்பி அனுப்பினேன். "சரிங்க வெர்னா" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினான். சண்டை போட்டிருந்தால் மறந்திருப்பேன்.

பிப்ரவரியில் அதே ஆன்செலின் தயவு எனக்குத் தேவைப்பட்டது. சந்தை நடக்கும் சங்க மண்டபத்தைக் கவனித்துக்கொள்ளும் ஹோபர்ட் கில்ஃபில்லன் தபால் ஆபீஸில் என்னை மடக்கினார்.

"ஏம்மா வெர்னா, போன வாரம் உன் சந்தைக்கு வந்தது இருபத்திரண்டு பேரு. அதுக்கு எதுக்கு விறகை எரிக்கணும்னு கமிட்டியில கேக்குறாங்க. பிக்கிள்பால்னு மட்டையும் பந்துமா ஆடுறாங்களே, அவங்களுக்குச் சனிக்கிழமை மண்டபம் வேணுமாம்."

"அந்த ஆடுறவங்களுக்குத் தலைவரே நீதானய்யா!"

"அது வேற விஷயம். வர்ற சனிக்கிழமை, நீ மணியடிச்சப்புறம், அறுபது தலை உள்ள இருக்கணும். இல்லேன்னா மண்டபம் எங்களுக்கு."

அந்த மண்டபத்தை விட்டால் வெர்மான்ட் குளிரில் சந்தை போட வேறு கூரை கிடையாது. விளைவிக்கிற ஆறு குடும்பங்களும் மே மாதம் வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். எனக்கும் சனிக்கிழமை காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் இருக்காது. இதை ஹோபர்ட்டிடம் சொல்லவில்லை.

ஜனங்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. பிப்ரவரி வந்தால் டர்னிப் கிழங்கைப் பார்த்தாலே எல்லோருக்கும் முகம் கோணிக்கொள்ளும். நாற்பது நிமிஷம் வண்டி ஓட்டிப்போய், கலிஃபோர்னியாவிலிருந்து வாடி வதங்கி வந்த இலைகளை வாங்கி வருவார்கள். எங்களிடம் பச்சையாக ஒன்றை வைத்திருந்தவன் ஆன்செல் ஒருவன்தான். கணப்பே இல்லாத பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் பாலக்கீரை. பனி அடிக்க அடிக்க இனிப்பேறும் கீரை. தபால் ஆபீஸ், மளிகைக்கடை, தீவனக்கடை எல்லா இடத்திலும் "இந்தச் சனிக்கிழமை பாலக்கீரை!" என்று எழுதி ஒட்டினேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆன்செல் போன் செய்தான்.

"ரெண்டு நாளா வெயிலே இல்லைங்க. கீரை விறைச்சுக் கிடக்கு. நாளைக்கு வெயில் வந்தாத்தான் அறுக்க முடியும். பதினொண்ணு ஆகும்."

"ஒன்பதுக்கு மணி அடிச்சாகணும்ப்பா."

"அது கீரைக்குத் தெரியாதுங்களே."

சோம்பேறி என்று நினைத்துக்கொண்டேன். சனிக்கிழமை ஆறு மணிக்கு நெற்றி விளக்கும் கத்தியுமாக அவன் பண்ணைக்கே போய்விட்டேன். பக்கத்துப் பண்ணையில் பால் கறக்கப் போயிருந்தான். கூடாரத்துக்குள் நுழைந்து, பாத்திமேல் மூடியிருந்த வெள்ளைத் துணியை விலக்கினேன். இலைகள் ஒவ்வொன்றும் தரையோடு படிந்து, கண்ணாடித் துண்டு போல மொடமொடவென்று இருந்தன. சரசரவென்று அறுத்தேன். இரண்டு பெட்டி நிரம்பியபோது, என்னை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வாசலில் ஆன்செல் வந்து நின்றான். பெட்டிகளைப் பார்த்தான்.

"எவ்ளோ அறுத்தீங்க?"

"ரெண்டு பெட்டி. நன்றியெல்லாம் அப்புறம் சொல்லிக்கலாம்."

"செத்துப்போச்சுங்க அது." அவன் குரலை உயர்த்தவே இல்லை. "விறைச்சிருக்கறப்ப கை வச்சா செத்துடும். தொடாம விட்டா, வெயில் பட்டதும் தானா எழுந்து நிக்கும். இத்தனை வருஷம் சந்தை நடத்துறீங்க, இது தெரியாதா?"

தெரியாது. என் வீட்டில் ஒரு துளசிச் செடிகூடப் பிழைத்ததில்லை.

"மிச்சப் பாத்தியைத் தொடாம இருங்க, போதும். வானம் தெளிஞ்சிருக்கு, பன்னிரண்டுக்கு நான் கொண்டாந்துடுவேன்," என்றவன், கொஞ்சம் நிறுத்தி, "ஆனா உங்க விதிப்படி விக்க முடியாதே," என்றான்.

நான் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தேன். மண்டபத்து அடுப்புப் பக்கத்தில் வைத்த அரைமணி நேரத்தில், மொடமொடவென்று இருந்ததெல்லாம் கரும்பச்சையாகக் கூழாகிவிட்டது. பாவிக் கை! அவன் நான்கு மாதம் பொத்திப் பொத்தி வளர்த்ததில் இரண்டு பெட்டியை ஒரு மணி நேரத்தில் தீர்த்துக்கட்டிவிட்டேன்.

மணி ஒன்பது ஆவதற்குள் சுவரொட்டியை நம்பிக் கூட்டம் வந்துவிட்டது. வாசலில் ஹோபர்ட் அழுத்த அழுத்த எண் கூடும் கருவியோடு உட்கார்ந்திருந்தார்.

"நாப்பத்தொண்ணு பேரு இருக்காங்க. மணியை அடி, எழுதிக்கிறேன்."

அடித்தால் நாற்பத்தொன்று. ஆன்செல் விற்க முடியாது. கீரை இல்லையென்று தெரிந்தால் இருக்கிறவர்களும் கலைந்துவிடுவார்கள். அடிக்காவிட்டால் சந்தையே திறக்கவில்லை என்று அர்த்தம். என் விதியே என் கழுத்தைப் பிடித்தது.

மணியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு நாற்காலிமேல் ஏறினேன்.

"எல்லாரும் கேளுங்க. கீரை வந்துச்சு, நான்தான் கொன்னுட்டேன். ஆன்செல் வேணாம்னு சொல்லியும், விறைச்சிருக்கறப்பவே அறுத்துட்டேன். உயிரோட இருக்கிற கீரை பன்னிரண்டுக்கு வரும். அதுவரைக்கும் சந்தை திறக்காது. இருக்கறவங்க இருங்க."

"மூணு மணி நேரமா?" என்றது ஒரு குரல்.

"செத்ததை என்ன பண்ணப் போற?" என்று கேட்டாள், பாலாடைக்கட்டி விற்கிறவள். "சூப்புல போட்டா யாருக்குத் தெரியப்போகுது? கொண்டா இங்க."

பின்கட்டில் மண்டபத்துப் பெரிய பானை இருந்தது. ஒருவர் உருளைக்கிழங்கு கொடுத்தார், ஒருவர் வெங்காயம், ஒருவர் ஒரு ஜாடி பாலேடு. விற்பது இல்லை, கொடுப்பது. அதைத் தடுக்க என்னிடம் விதி இல்லை. தோல் சீவ நான் யாரையும் கூப்பிட வேண்டியே இருக்கவில்லை. என் இரண்டு பெட்டிக் கூழும் பானைக்குள் போய் நல்ல பச்சையாக மாறியது. வாசனை கிளம்பியதும் ஆளாளுக்குப் போனை எடுத்து வீட்டுக்குச் சொன்னார்கள். ஆறேழு பேர் முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். அதைவிட அதிகம் பேர் வந்தார்கள். ஹோபர்ட் இரண்டு கிண்ணம் குடித்தார். மூன்றாவதைக் கேட்கக் கூச்சப்பட்டுப் பானையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டே காலுக்கு ஆன்செல் வந்தான். நான்கு பெட்டி. இலைகள் நிமிர்ந்து, தடித்து, கழுவிய ஈரத்தோடு இருந்தன. மேஜையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். அக்டோபரில் பார்த்த அதே பார்வை.

"அன்னிக்கு உன்னைத் திருப்பி அனுப்பினது தப்புப்பா. இன்னிக்குப் பண்ணினது அதைவிடத் தப்பு," என்று சொல்லி, மணியை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். "நீயே அடி."

"நானா?"

"கீரை எப்ப எழுந்துச்சுன்னு உனக்குத்தானே தெரியும்."

அடித்தான். கருவி டக் டக்கென்று ஓட ஆரம்பித்தது. ஹோபர்ட் ஒவ்வொரு தலையாகப் பார்த்து அழுத்திக்கொண்டே வந்தார். அறுபதில் நிற்காமல் எழுபத்துமூன்று வரை போயிற்று. அவர் கருவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய் ஆன்செலின் வரிசையில் கடைசி ஆளாக நின்றார்.

கீரைப் பையோடு திரும்பி வந்தவர் கேட்டார்: "அடுத்த சனிக்கிழமை எத்தனை மணிக்கு வெர்னா?"

ஒன்பது என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"வெயிலைப் பாத்துட்டு ஆன்செல் சொல்லுவான்," என்றேன்.