கால் தெரியாத படம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தால் சொல்லாமலே போய்விடுவேன். என்னை எனக்குத் தெரியும். என் அக்கா வீட்டுக் கூடத்தில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. எட்டுப் பேர் வரிசையாக நின்று சிரிக்கிறார்கள். நடுவில் அக்கா. பின்னால் பூசாத செங்கல் சுவர். முழங்காலுக்குக் கீழே யாருக்கும் எதுவும் இல்லை. சட்டம் அங்கே முடிந்துவிடுகிறது. கதை அந்தப் படத்திலிருந்துதான் வந்தது.

அக்கா போன மழைக்காலத்தில் இறந்துபோனாள். மாடி பால்கனியில் காயப்போட்டிருந்த துணியை எடுக்கப் போனாள். சுவரோடு ஒட்டிய இடத்தில் பால்கனி முறிந்து அவளோடு கீழே விழுந்தது. வீடு கட்டி நான்கு வருடம்தான் ஆகியிருந்தது.

[கதையை இப்படி ஆரம்பிப்பதாக இல்லை. இதற்கு முன் எழுதிக் கைவிட்டவை மூன்று:]

"வீடு என்பது வெறும் கல்லும் மண்ணும் அல்ல, அது ஒரு—" (இங்கேயே நீங்கள் கொட்டாவி விட்டிருப்பீர்கள்.)

"அன்று வானம்—" (வானத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

"தவறு பொறியாளருடையது. அவர்—"

மூன்றாவதைத்தான் அத்தான் கேட்டார். அக்கா போய் ஒரு மாதம் கழித்து, அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"நீதான் எழுதுறவனாச்சே மாப்ள. எழுது. கம்பிக்குச் சேர்கூட வைக்காம அந்த இஞ்சினியர் என்ன வேலை பண்ணிவச்சான்னு நாலு பேருக்குத் தெரியட்டும்."

"எழுதுறேன் அத்தான்" என்றேன். வேறு என்னத்தைச் சொல்வது?

2

இனிக் கதை. இதில் அத்தானை 'வீட்டுக்காரர்' என்றுதான் குறிப்பிடப்போகிறேன். அத்தான் என்று எழுதினால் கை அவர் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

வீட்டுக்காரருக்குப் பெரிய பால்கனி வேண்டியிருந்தது. அவருக்கு என்றால் அவருக்கில்லை, அவர் மனைவிக்கு. பதினோரு வருடம் வாடகை வீட்டுக் குளியலறைக்குள் கொடி கட்டித் துணி காயப்போட்டவள். மழை நாளில் ஈரவாடை அடிக்கும் உடுப்போடு வேலைக்குப் போனவள். வெயில் படுகிற இடத்தில் ஒரு கொடி, அவள் கேட்டது அவ்வளவுதான். வீட்டுக்காரர் ஆசையில் அதை நாலரை அடி பால்கனியாக்கிவிட்டார்.

பொறியாளர் ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் அளவு டேப் இல்லாமல் அவரைப் பார்த்ததில்லை. வரைபடத்தைச் சிமென்ட் மூட்டைமேல் விரித்தார்.

"மூணு அடின்னா நிம்மதியாத் தூங்கலாம் சார். நாலரைன்னா எல்லாத்தையும் விதிப்படி செய்யணும். கம்பி தடிமனாகும். அது மேல்பக்கமா நிக்கணும், அதுக்கு ஒன்றரை அடிக்கு ஒரு சேர் வைக்கணும். ஆளுங்க நடக்கத் தனியாப் பலகை போடணும். கம்பிமேல கால் வைக்கக் கூடாது."

"கம்பிக்கு எதுக்கு சார் சேர்? உக்காரப் போகுதா?"

மேஸ்திரி சிரித்தார். கேட்ட வீட்டுக்காரரும் சிரித்தார். பொறியாளர் சிரிக்கவில்லை. ஆள் கொஞ்சம் தலைக்கனம் பிடித்தவர் என்று அன்றே முடிவு கட்டிவிட்டோம்.

* சேர் என்பது வளைத்த கம்பித் துண்டு, உள்ளங்கை உயரம்கூட இருக்காது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனி, சுவரோரத்தில் மேல்பக்கமாகத்தான் விரிசல்விடப் பார்க்கும். அதை இழுத்துப் பிடிப்பது மேலே ஓடும் கம்பி. கான்கிரீட் கொட்டுவதற்கு முன் அந்தக் கம்பி கீழே அமுங்கிவிட்டால், உள்ளே இருந்தும் பயனில்லை. அமுங்காமல் தாங்குவதுதான் சேரின் ஒரே வேலை. இதை நான் அக்கா இறந்த பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். படிக்க இருபது நிமிடம் ஆனது.

"கண்ணுக்குத் தெரியாத இடத்துல போய் எதுக்கு சார் பணத்தைக் கொட்டணும்? அந்தக் காசுக்கு சமையல்மேடைக்கு நல்ல கல்லே போட்டுடலாம்."

"கண்ணுக்குத் தெரியாததாலதான் சார் விதின்னு ஒண்ணு வச்சிருக்காங்க. தெரியுறதை நீங்களே பாத்துக்குவீங்களே."

"விதி எழுதினவங்க சொந்தக் காசுல வீடு கட்டியிருக்க மாட்டாங்க."

"இருக்கலாம் சார். இடிஞ்ச வீட்டைப் பாத்திருப்பாங்க."

பேரம் ஒரு வாரம் நடந்தது. கடைசியில் மூன்று அடிக்கு ஒரு சேர், பலகை கிடையாது என்று முடிவானது. பொறியாளர் அரை மனதாகத் தலையாட்டினார். சமையல்மேடைக் கல் இன்றைக்கும் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது.

3

இந்தக் கதைக்கு ஒரு வில்லன் கிடைத்தால் எனக்குப் பாதி வேலை குறையும். தேடிப் பார்த்தேன்.

முதலில் அனுமதி கொடுத்த அலுவலர். அவருக்கு ஒரு தங்க மோதிரமும் திருட்டு முழியும் கொடுத்து ஒரு பக்கம் எழுதினேன். [அடித்துவிட்டேன்.] அவர் பார்த்தது வரைபடம். வரைபடத்தில் கம்பி மேலேதான் இருந்தது. வரைபடத்தின்மேல் யாரும் ஏறி நிற்கவில்லை.

அடுத்தது மேஸ்திரி. குடிகாரராக ஆக்கிப் பார்த்தேன். நிஜத்தில் அவர் தேநீர்கூடச் சர்க்கரை இல்லாமல் குடிப்பவர். [அடித்துவிட்டேன்.]

மிச்சம் பொறியாளர். விசாரணை அதிகாரிகளுக்கும் அவர்தான் கிடைத்தார். உடைந்த பால்கனியில் கம்பி அடியில் கிடந்தது. நிற்கிற சேர் ஒன்றும் இல்லை; வளைந்து கிடந்த துண்டுகளை உதிரிக் கம்பி என்று எழுதிவிட்டார்கள். ஆகவே அவர் சேரே வைக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. உரிமத்தை நிறுத்திவைத்துவிட்டார்கள். வைத்தேன் என்று சொல்கிறார். ஆதாரம் கேட்கிறார்கள். மேஸ்திரி எங்கேயோ வேலைக்குப் போய்விட்டார், அவருடைய பழைய எண்ணில் வேறு யாரோ பேசுகிறார்கள்.

4

கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள் மாலை, வேலையாட்கள் போன பிறகு, குடும்பம் வீட்டைப் பார்க்க வந்தது. வீட்டுக்காரர், அவர் மனைவி, அவருடைய அண்ணன்மார் இருவர், அண்ணிமார் இருவர், மாமியார், மைத்துனன் மனைவி. பால்கனியில் கம்பி பின்னி முடித்திருந்தது. வெயில் அதன்மேல் சாய்வாக விழுந்தது. இங்கே நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னார்கள். எட்டுப் பேரும் செருப்புக் காலோடு கம்பிமேல் ஏறினார்கள். எல்லாருடைய தலையும் தெரியவில்லை என்பதால் இன்னும் கொஞ்சம் சுவரோரமாகப் போகும்படி யாரோ சொன்னார்கள். போனார்கள். யாரோ படம் எடுத்தார்—

[இந்த 'யாரோ'வை மூன்று முறை எழுதியிருக்கிறேன். நீங்கள் கவனித்திருப்பீர்கள். படத்தில் எட்டுப் பேர். அன்று மாடிக்குப் போனவர்கள் ஒன்பது பேர்.]

நான்தான். படம் எடுக்கலாம் என்று சொன்னதும் நான்தான், சுவரோரமாகத் தள்ளி நிற்க வைத்ததும் நான்தான். வெளிச்சம் போதவில்லை, சின்ன அண்ணி கண்ணை மூடிவிட்டாள் என்று ஆறு முறை எடுத்தேன். ஒவ்வொரு முறையும் எட்டுப் பேரும் நகர்ந்து நகர்ந்து நின்றார்கள்.

வீடு குடிபோனபோது அதில் ஒன்றைப் பெரிதாக்கச் சொல்லிக் கடையில் கொடுத்தேன். "கீழ கம்பி கம்பியா அசிங்கமா இருக்கே, வெட்டிடலாமா?" என்று கடைக்காரர் கேட்டார். "வெட்டிடுங்க" என்றேன். முழுப் படம் என் போனில் இருக்கிறது. முதல் படத்தில் எட்டு ஜோடிக் கால்களுக்குக் கீழே, கம்பியைத் தாங்கிக்கொண்டு சேர்கள் வரிசையாக நிற்பது தெளிவாகத் தெரியும். ஆறாவது படத்தில் சுவரோரத்தில் இரண்டு சாய்ந்துவிட்டன.

5

மறுநாள் காலை. இதைத் திரும்பவும் வீட்டுக்காரர் பக்கமிருந்தே சொல்கிறேன். என் பக்கமிருந்து சொல்ல எனக்குத் திராணி இல்லை.

வாசலில் கலவை லாரியின் உருளை சுற்றிக்கொண்டிருந்தது. பொறியாளர் பால்கனி ஓரத்தில் குந்தி உட்கார்ந்து டேப்பை வைத்து அளந்தார். எழுந்தபோது முகம் மாறியிருந்தது.

"நேத்து இதுமேல யார் ஏறினது?"

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் லாரியைப் பார்த்தேன். இரண்டையும் பார்த்த மேஸ்திரிதான் பேசினார்.

"நம்ம ஆளுங்கதான் சார். வேலைன்னா ஏறி இறங்கத்தானே செய்வாங்க."

வீட்டுக்காரர் குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்ற மரியாதை அது. அந்த மரியாதையின் பாரம்தான் இப்போது விசாரணையில் பொறியாளர் தலையில் விழுந்திருக்கிறது.

"சுவரோரம் பூரா அமுங்கிக் கிடக்கு. பிரிச்சுக் கட்டணும். அரை நாள் ஆகும். லாரியை அனுப்பிடுங்க சார்."

"லாரியை அனுப்பினா மறுபடி எப்ப வரும்? உள்ள இருக்குற கலவை என்னாகும்? விளையாடுறீங்களா சார்?"

"நீங்க போய்ப் படுக்கப்போற வீடு சார் இது."

"அதான் சொல்றேன், என் வீடு. நான் பாத்துக்கறேன்."

பொறியாளர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தானே இறங்கினார். கையால் இழுத்து, எட்டிய இடத்திலெல்லாம் கம்பியைத் தூக்கி, கல் சில்லு வைத்து முட்டுக் கொடுத்தார். இருபது நிமிடம். பிறகு லாரியைப் பார்த்தார், வீட்டுக்காரரைப் பார்த்தார். "போடுங்க" என்றார்.

அவர் தவறு அந்த ஒரு சொல்தான். நான் கணக்குப் பார்த்தேன்: எங்கள் எல்லாருடைய தவறும் ஒவ்வொரு சொல்தான் தேறும்.

6

முடிவுகள். எழுதிப் பார்த்தவை.

முதல் முடிவில் பொறியாளர் லாரியைத் திருப்பி அனுப்புகிறார். வீட்டுக்காரர் அவரை வாய்க்கு வந்தபடி திட்டுகிறார். பால்கனி நிற்கிறது. அக்கா தலை நரைத்த பிறகும் அங்கே துணி காயப்போட்டுக்கொண்டு, "அந்த இஞ்சினியர் சரியான சிடுமூஞ்சி" என்று விருந்தாளிகளிடம் சொல்கிறாள். அவர்தான் தன்னைக் காப்பாற்றினார் என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியாது. எனக்குப் பிடித்த முடிவு இதுதான். நடக்காத விபத்தை வைத்து யார் கதை எழுதுவார்கள்?

இரண்டாவது முடிவில் பால்கனி மூன்று அடி. கொடியில் நாலு துணி குறைவு.

மூன்றாவது முடிவில் படத்தைத் தெருவில் நின்று எடுக்கிறோம். நிஜமாகவே அன்று நல்ல வெளிச்சம் தெருவில்தான் இருந்தது. படம் இதைவிட நன்றாக வந்திருக்கும்.

[நான்காவது முடிவில் அவள்— இல்லை. முடியவில்லை.]

7

பதினோரு நாளுக்கு முன் பொறியாளர் போன் செய்தார்.

"வீட்டுக் கூடத்துல ஒரு படம் பாத்தேன் தம்பி. விசாரணைக்கு வந்தப்போ. பின்னாடி இருக்குற சுவரை வச்சு எந்த இடம்னு தெரிஞ்சுது. அதுல கால் தெரியலை. கால் தெரியுற மாதிரி உங்ககிட்ட இருக்கா?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"இருந்தா பெரிய உதவி. நான் யோக்கியன்னு சொல்ல வரலை. போடுங்கன்னு சொன்னது நான்தான், அது என்னோட போகட்டும். ஆனா சேரே வைக்கலைன்னு சொல்றாங்க பாருங்க, அதை மட்டும் தாங்க முடியலை. என் பொண்டாட்டியே ஒருநாள் கேட்டுட்டா."

"பாக்கறேன் சார்" என்றேன். பதினோரு நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இன்று காலை பதினொரு மணிக்குக் கடைசி விசாரணை. இப்போது மணி பத்தேகால். அந்த அலுவலகத்துக்கு இங்கிருந்து நடந்தே போய்விடலாம். படத்தைக் காட்டினால் அத்தானும் பார்ப்பார். அவர் இன்னும் உயிரோடு நடமாடுவதே இது பொறியாளர் செய்த கொலை என்ற நம்பிக்கையில்தான். அதையும் பிடுங்கிக்கொண்டு, சுவரில் தினமும் அவர் தூசி தட்டுகிற படத்தைக் காட்டி, இதுதான் காரணம், அத்தான் என்று சொல்ல வேண்டும். காட்டாவிட்டால், சேர் வைத்த ஒரு மனிதர் வைக்காதவராகவே சாவார். இரண்டையும் செய்யாமலிருக்கத்தான் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பூசி மெழுகுவதில் எந்தக் கொத்தனாரும் என்னிடம் பிச்சை வாங்க வேண்டும்.

இந்த மாதிரிக் கதைகளில் முடிவை வாசகர் கையில் கொடுத்துவிட்டு எழுதியவன் நழுவிவிடலாம். நானும் அதற்குத்தான் வந்தேன். வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் உங்களால் அங்கே போக முடியாது. விலாசம் உங்களிடம் இல்லை, ஊர்ப் பெயரைக்கூட நான் சொல்லவில்லை. போன் என் மேசைமேல் இருக்கிறது.

நாலாவது பகுதியில் ஒன்றை வெட்டிவிட்டேன், கடைக்காரர் வெட்டியதைப் போலவே. அதையாவது திருப்பி வைத்துவிடுகிறேன். மூன்றாவது முறை படம் எடுக்கப்போகும்போது அக்கா குனிந்து காலடியைப் பார்த்தாள்.

"டேய், கம்பி அமுங்குதுடா. பரவாயில்லையா?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுக்கா. நீ சிரி" என்றேன்.

சிரித்தாள். கூடத்தில் மாட்டியிருப்பது அந்தப் படம்தான்.

மணி பத்து ஐம்பது.